சொட்டுநீர்: வரிசைக் கடைசியில் தண்ணீர் வரவில்லை – உப்புத் தண்ணீர், அமிலம், ஓட்டும் நேரம்

#1 – மஞ்சக்காடு_சிவகிரி

எல்லாருக்கும் வணக்கமுங்க. செம்மண் சரளை பூமி, 2 ஏக்கர் மஞ்சள். இன்லைன் சொட்டுநீர் போட்டு இது மூணாவது போகம். விவரம் இதுதான்:

லேட்டரல் (வரிசையில ஓடற சொட்டுக்குழாய்) 16 மி.மீ., வரிசைக்கு வரிசை 1.5 மீட்டர், டிரிப்பர் (சொட்டு வாய்) இடைவெளி 40 செ.மீ., ஒவ்வொண்ணும் மணிக்கு 2 லிட்டர். 2 ஏக்கரையும் 6 பகுதியாப் பிரிச்சு வால்வு வெச்சிருக்கு. போர் தண்ணி மணிக்கு சுமார் 5,000 லிட்டர். 2 அங்குல டிஸ்க் ஃபில்டர், உரம் உறிஞ்சி விட முக்கால் அங்குல வெஞ்சுரி. பிரஷர் கேஜ் ஃபில்டருக்கு முன்னாடி ஒண்ணுதான், அதுல சதுர செ.மீ.க்கு 1.8 கிலோ காட்டுது.

பிரச்சினை என்னன்னா, ஒவ்வொரு பகுதியிலயும் கடைசி 10 மீட்டர்ல பயிர் குட்டையா, மஞ்சள் பாஞ்சு நிக்குது. டிரிப்பர் வாயில வெள்ளையாப் பூத்திருக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பகுதிக்கு 4 மணி நேரம் ஓடுது. நேரத்தைக் கூட்டறதா, லேட்டரலை மாத்தறதா?

#2 – கடைமடை_கவுண்டர்

தம்பி, ரெண்டும் வேண்டாம். நேரத்தைக் கூட்டினா முதல் 30 மீட்டர்ல கிழங்கு அழுகும், கடைசி 10 மீட்டர் அப்பவும் காயும். லேட்டரல் 2 ஏக்கருக்கு 5,400 மீட்டர் வரும். அதை மாத்தறதுக்கு முன்னாடி எங்கே அடைச்சிருக்குன்னு பாருங்க. ஃபில்டருக்குப் பின்னாடி ஒரு கேஜ் மாட்டுங்க, ஒரு லேட்டரலோட கடைசியில இன்னொண்ணு. விலை அதிகமில்லை. இந்த ரெண்டும் இல்லாம சொட்டுநீர் ஓட்டறது கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டற மாதிரி.

#3 – வேளாண்பொறி

மேலே சொன்னது சரி. கேஜுடன் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். செலவு எதுவும் இல்லை, ஒரு அளவுக் குவளை போதும்.

ஒரு பகுதியில் நான்கு லேட்டரல்களைத் தேர்ந்தெடுங்கள்: சப்மெயினில் (லேட்டரல்களுக்கு நீர் பிரிக்கும் குழாயில்) முதல் லேட்டரல், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று, கடைசி. ஒவ்வொன்றிலும் அதேபோல நான்கு டிரிப்பர். மொத்தம் 16. டிரிப்பருக்குக் கீழே மண்ணைச் சற்றுத் தோண்டி டப்பாவை வைத்துச் சரியாக 6 நிமிடம் பிடியுங்கள். 6 நிமிடம் என்பது மணியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 2 லிட்டர் டிரிப்பர் 200 மில்லி தர வேண்டும். தண்ணீர் லேட்டரலின் அடிப்புறமாக வழிந்து வேறு இடத்தில் சொட்டும். டிரிப்பருக்கு இருபுறமும் ஒரு நூலைக் கட்டிவிட்டால் அங்கேயே இறங்கும். இதைக் கவனிக்காமல் அளந்தால் எண்ணே தப்பாகும்.

16 அளவின் சராசரி ஒன்று. மிகக் குறைவான 4 அளவின் சராசரி இன்னொன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 90க்கு மேல் நல்ல நிலை. 80 முதல் 90 வரை சமாளிக்கலாம். 70க்குக் கீழே போனால் உரத்தையும் அதே ஏற்றத்தாழ்வோடுதான் பயிருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். உங்கள் கடைசி 10 மீட்டர் மஞ்சள் பாய்வதற்குத் தண்ணீர்க் குறைவு மட்டும் காரணமில்லை.

அடைத்த டிரிப்பர் இரண்டை நீளவாக்கில் பிளேடால் பிளந்து உள்ளே இருப்பதையும் பாருங்கள். வெள்ளைப் படிவத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு. துரு நிறத்தில் கூழாக இருந்தால் இரும்பும் அதைத் தின்னும் பாக்டீரியாவும். பச்சையாகவோ கருப்பாகவோ வழுக்கினால் பாசி. விரலில் நறநறத்தால் மணல். நான்குக்கும் மருந்து வேறு வேறு. வெள்ளையாக இருந்தும் அமிலத்துக்கு நுரைக்காமல் கிடந்தால் ஜிப்சமாக இருக்கக்கூடும், அது அமிலத்துக்குக் கரையாது.

#4 – மஞ்சக்காடு_சிவகிரி

அளந்துட்டேனுங்க. 16 டிரிப்பர் சராசரி 158 மில்லி. குறைஞ்ச 4 சராசரி 82. கணக்குப் போட்டா 52 வருது. ஃபில்டருக்கு முன்னாடி 1.8, பின்னாடி 1.0. லேட்டரல் கடைசியில 0.6. பிளந்து பார்த்ததுல வெள்ளைப் படிவம், அமிலம் விட்டா பொங்குது. கூடவே கொஞ்சம் செம்மண் நிறத்துல மாவு மாதிரி இருக்கு.

தண்ணி பரிசோதனை அறிக்கையும் இருக்கு: பி.எச். 7.9, இ.சி. (உப்பளவு) 1.6, பைகார்பனேட் லிட்டருக்கு 6 மில்லி ஈக்குவலன்ட், கால்சியமும் மெக்னீசியமும் சேர்த்து 9, இரும்பு 0.1 பி.பி.எம்.

#5 – மண்_நீர்_ஆய்வு

இரும்பு 0.1 என்றால் அது பிரச்சினை இல்லை, 0.3க்கு மேல் போனால்தான் கவலைப்பட வேண்டும். அந்தச் செந்நிற மாவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சிவப்பு பொட்டாஷ் கரைத்து விடுகிறீர்களா? அதில் ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடு தண்ணீரில் கரையவே கரையாது. டிரம்மில் கரைத்து 10 நிமிடம் விட்டுப் பாருங்கள், அடியில் செந்நிறமாகப் படிந்து நிற்கும். சொட்டுநீருக்கு வெள்ளைப் பொட்டாஷ் அல்லது 0:0:50 (பொட்டாசியம் சல்பேட்) மட்டும்தான்.

பைகார்பனேட் 6 என்பது அதிகம். இந்தத் தண்ணீர் குழாய்க்குள் இருக்கும்வரை தெளிவாகத்தான் இருக்கும். மோட்டாரை நிறுத்தியபின் டிரிப்பர் வாயில் தங்கும் துளி வெயிலில் காயும்போது கால்சியம் கார்பனேட் அங்கேயே படிகிறது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு மெல்லிய ஏடு. அதனால்தான் முதல் போகத்தில் தெரியாது, மூன்றாவதில் தெரியும்.

#6 – வேளாண்பொறி

ஃபில்டரில் மட்டும் 0.8 கிலோ இழப்பு. 0.5 தாண்டினாலே கழுவ வேண்டும். முதல் வேலை அது. டிஸ்க்குகளைக் கழற்றி, கயிற்றில் தளர்வாகக் கோத்து, 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு அமிலம் கலந்த பிளாஸ்டிக் வாளியில் ஊறப் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். கம்பி பிரஷ் போடாதீர்கள். டிஸ்க்கின் வரிப்பள்ளம் கீறிவிட்டால் 120 மெஷ் என்பது பெயருக்குத்தான். ஃபில்டர் அழுத்தத்தைத் தின்கிறது என்று டிஸ்க்கில் பாதியை எடுத்து வைத்துவிடும் பழக்கம் பல தோட்டங்களில் உண்டு. அன்றைக்குத் தண்ணீர் நன்றாக வரும், அடுத்த மாதம் மணல் டிரிப்பருக்குள் போயிருக்கும். மணலுக்கு எந்த அமிலமும் கிடையாது.

போர் மணல் தள்ளுகிறதா என்று ஒரு வெள்ளை வாளியில் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் நின்றால் டிஸ்க்குக்கு முன்னால் ஹைட்ரோசைக்ளோன், அதாவது நீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் கருவி, தேவை. அது குறிப்பிட்ட நீரோட்டத்தில்தான் மணலைப் பிரிக்கும். மணிக்கு 5,000 லிட்டர் போருக்கு 25,000 லிட்டர் ஹைட்ரோசைக்ளோன் வாங்கி மாட்டினால் சும்மா நிற்கும்.

இப்போது அமில வேலை. அளவை ஊகிக்க வேண்டாம், உங்கள் தண்ணீரிலேயே அளந்துவிடலாம்.

வாளியில் 10 லிட்டர் போர் தண்ணீர். கடையில் கிடைக்கும் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊசி மருந்துக் குழாயில் எடுத்து ஒவ்வொரு மில்லியாக விட்டு, கலக்கி, பி.எச். தாளால் பாருங்கள். 4 வந்ததும் நிறுத்துங்கள். உங்கள் பைகார்பனேட் அளவுக்கு 6 மில்லி சுமாரில் வர வேண்டும்.

ஒரு பகுதியில் சுமார் 2,250 டிரிப்பர், ஆக மணிக்கு 4,500 லிட்டர். 15 நிமிடத்தில் 1,125 லிட்டர் ஓடும். 10 லிட்டருக்கு 6 மில்லி என்றால் 675 மில்லி அமிலம். வெஞ்சுரி மணிக்கு 60 லிட்டர் உறிஞ்சினால் 15 நிமிடத்துக்கு 15 லிட்டர் கரைசல் வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் 14 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர், அதன் பிறகு அமிலத்தை மெதுவாக ஊற்றுங்கள். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது. இதில் எதையும் விடாதீர்கள். பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

முதலில் 10 நிமிடம் வெறும் தண்ணீர் ஓடி அழுத்தம் நிலைக்கட்டும். பிறகு அமிலம். 10ஆவது நிமிடத்திலிருந்து கடைசி லேட்டரலின் கடைசி டிரிப்பரில் பி.எச். தாளை வையுங்கள். முதல் தடவை 4 வராது, 5க்கு மேல் நிற்கும். படிவமே அமிலத்தைத் தின்றுவிடும். அப்படியானால் இன்னொரு பங்கு விடுங்கள். 4 வந்ததும் மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். மறுநாள் சப்மெயின் ஃப்ளஷ் வால்வைத் திறந்து முதலில் அதைக் கழுவி, பிறகு லேட்டரல் எண்டு கேப்புகள்.

#7 – கடைமடை_கவுண்டர்

எண்டு கேப்பை எல்லாத்தையும் ஒரே நேரத்துல திறந்துடாதீங்க. 5, 6 மட்டும் திறங்க. ஒவ்வொரு வாயிலயும் நிமிஷத்துக்கு 4, 5 லிட்டர் வந்தாத்தான் உள்ளே கரைஞ்சு கிடக்கறதைத் தள்ளிக்கிட்டு வரும். எல்லாத்தையும் திறந்தா சலசலன்னு வடியும், அழுக்கு அடியிலேயே தங்கிடும். முதல்ல பால் மாதிரி வரும், அப்புறம் கலங்கல், அப்புறம் தெளியும். தெளிஞ்சதுக்கப்புறமும் அரை நிமிஷம் விடுங்க.

அமிலம் போட்ட மறுநாளே இதைப் பண்ணாம விட்டா, கரைஞ்ச சுண்ணாம்பு செதில் செதிலா வந்து நடுவுல இருக்கற நல்ல டிரிப்பரையும் அடைக்கும். அமிலம் போட்டும் சரியாகலைன்னு சொல்ற இடத்துல முக்காவாசி இதுதான் காரணம்.

#8 – மண்_நீர்_ஆய்வு

ஒரு எச்சரிக்கை. பாசிக்குக் குளோரின் விடும் பழக்கம் இருந்தால், அமிலமும் குளோரினும் ஒரே நாளில் வேண்டாம், ஒரே டிரம்மும் வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். பம்ப் ஷெட் போன்ற மூடிய இடத்தில் உயிருக்கே ஆபத்து.

குளோரினுக்கு பிளீச்சிங் பவுடரையும் இந்தத் தண்ணீரில் தவிர்க்கவும், அதில் சுண்ணாம்பு இருக்கிறது. திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் போதும். 10 சதவீதக் கரைசலில் 225 மில்லி, 1,125 லிட்டருக்கு 20 பி.பி.எம். தரும். வெயிலில் வைத்த கேன் சக்தியிழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். உங்கள் இடத்தில் இப்போது பாசி தெரியவில்லை, ஆகவே தேவையில்லை. போர் தண்ணீரைத் திறந்த தொட்டியில் சேர்த்து ஓட்டுபவர்களுக்குத்தான் இது. அவர்கள் தொட்டிக்கு நிழல்வலை போட்டாலே பாதி வேலை முடிந்தது.

#9 – மஞ்சக்காடு_சிவகிரி

ரொம்ப நன்றிங்க சார், அய்யா, மேடம். உரம் எப்படி விடறதுன்னும் சொல்லிடுங்க. இப்ப 19:19:19, கால்சியம் நைட்ரேட், ஜிங்க் சல்பேட் எல்லாம் ஒரே டிரம்ல கரைச்சு விட்டுக்கிட்டு இருக்கு.

#10 – மண்_நீர்_ஆய்வு

அந்த டிரம்மிலேயே உங்கள் அடைப்பில் ஒரு பங்கு உருவாகிறது. கால்சியம் நைட்ரேட், 19:19:19இல் இருக்கும் மணிச்சத்தோடு (பாஸ்பரஸ்) சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட். சல்பேட்டோடு சேர்ந்தால் ஜிப்சம். ஜிங்க் சல்பேட் மணிச்சத்தோடு சேர்ந்தால் ஜிங்க் பாஸ்பேட், பயிருக்கும் கிடைக்காது. கால்சியம் நைட்ரேட்டுக்குத் தனி நாள், தனி டிரம். துத்தநாகம் வேண்டுமானால் கொடுக்கிணைப்பு (கீலேட்) வடிவில், அதாவது இ.டி.டி.ஏ. ஜிங்க், அல்லது அடியுரமாக மண்ணில். டி.ஏ.பி. சொட்டுநீருக்கு வேண்டாம், கசடு நிற்கும், மணிச்சத்துக்கு 12:61:0 (மோனோ அம்மோனியம் பாஸ்பேட்).

12:61:0 கூட உங்கள் தண்ணீரில் சோதித்த பிறகுதான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் உங்கள் போர் தண்ணீர், அதில் வயலுக்குப் போய்ச் சேரும் அதே செறிவில் உரம், இன்னொரு பாட்டிலில் டிரம்மில் இருக்கும் செறிவில். 2 மணி நேரம் அசையாமல் வையுங்கள். பின்னால் செய்தித்தாளைப் பிடித்து எழுத்தைப் படியுங்கள். எழுத்து மங்கினாலோ அடியில் வெள்ளையாக நின்றாலோ அந்த உரம் அந்தத் தண்ணீருக்கு ஆகாது. டிரம் தண்ணீரில் முதலில் சிறிது அமிலம் விட்டு பி.எச். 6க்குக் கொண்டுவந்தால் பல நேரம் தெளிந்துவிடும்.

ஓட்டும் நேரத்தை நான்காகப் பிரியுங்கள். முதல் பங்கு வெறும் தண்ணீர், நடு இரண்டு பங்கில் உரம், கடைசிப் பங்கு வெறும் தண்ணீர். கடைசிப் பங்கைத் தவிர்த்தால் உரம் குழாயில் தங்கிப் பாசிக்கு உணவாகும். நீட்டினால் யூரியா வேருக்குக் கீழே இறங்கிப் போகும். யூரியாவையும் மொத்தமாக விடாமல் வாரம் ஒரு முறை பிரித்துக் கொடுங்கள். உதாரணமாக, ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்தை 16 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 2.5 கிலோ, அதாவது யூரியா சுமார் 5.4 கிலோ. உங்கள் மொத்த அளவை மண் பரிசோதனை முடிவிலிருந்து எடுங்கள்.

#11 – நீர்க்கணக்கு

அடைப்பு சரியாகும். எனக்கு அதைவிட உறுத்துவது அந்த 4 மணி நேரம்.

ஒரு டிரிப்பர் நனைக்க வேண்டிய பரப்பு 1.5 × 0.4 = 0.6 சதுர மீட்டர். மணிக்கு 2 லிட்டர் என்றால் 3.3 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். 4 மணி நேரத்துக்கு 13.3 மி.மீ., இரண்டு நாளுக்கு. நாளைக்கு 6.7.

மஞ்சள் முழுதும் இலை விரித்து நிற்கும் காலத்தில், நாளைய ஆவியாதல் 5.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால்: 5.5 × 0.75 × 1.1 = 4.5 (0.75 ஆவியாதல் தட்டுக்கான திருத்தம், 1.1 அந்தப் பருவத்துப் பயிருக்கான கெழு). சொட்டுநீர்த் திறன் 90 சதவீதம் என்று வகுத்தால் 5 மி.மீ. அது ஒன்றரை மணி நேரம். நட்ட முதல் ஒன்றரை மாதம் இலையே இல்லாதபோது: 6 × 0.75 × 0.5 = 2.25, வகுத்தால் 2.5 மி.மீ., முக்கால் மணி நேரம். உச்சக் காலத்திலேயே மூன்றில் ஒரு பங்கு அதிகம். தொடக்கத்தில் இரண்டரை மடங்குக்கும் மேல். சரளை மண்ணில் இந்த உபரி வேருக்குக் கீழே போகிறது, உங்கள் யூரியாவையும் கூட்டிக்கொண்டு. களிமண் பட்டை உள்ள இடத்தில் நின்று கிழங்கு அழுகலைக் கொண்டுவருகிறது.

குழாயைப் பதித்துவிட்டாலே நீர் மிச்சம் என்ற எண்ணத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். பாசனத் தொழில்நுட்பம் என்பது எவ்வளவு நேரம் ஓட்டுவது என்ற அந்தத் தீர்மானம். குழாய் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றும் கருவி மட்டுமே.

#12 – கடைமடை_கவுண்டர்

> முக்கால் மணி நேரம்

கணக்கு சரிங்க. ஆனா தோட்டத்துல மும்முனை மின்சாரம் எப்ப வருதோ அப்பத்தான் ஓட்ட முடியும். வர்ற நேரத்துல முடிஞ்சவரை ஓட்டிடலாம்னுதான் 4 மணி நேரம் வருது. 6 பகுதிக்கு ஒன்றரை மணின்னா 9 மணி நேரம், ஆறு தடவை வால்வு திருப்ப ஆள் வேணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 3 மணி நேரம்னா ஆகுமா?

#13 – நீர்க்கணக்கு

மொத்தம் அதேதான், 10 மி.மீ. இரண்டு நாளுக்கு. ஆனால் சரளை மண் அவ்வளவு நீரை ஒரே தடவையில் மேல் ஒரு அடிக்குள் பிடித்து வைக்காது. கரிசலில் தாராளமாகச் செய்யலாம். செம்மண்ணில் தினமும் கொடுப்பதே நல்லது. ஆளில்லை என்பதற்குத்தான் தானியங்கி வால்வு.

#14 – ஒயர்மேன்_தாராபுரம்

அங்கேதான் கவனம் வேணும். பெரும்பாலான தோட்டத்துல தானியங்கின்னா ஆட்டோ ஸ்டார்ட்டர் மட்டும்தான். கரண்ட் வந்தா மோட்டார் ஓடும், வால்வு எது திறந்திருக்கோ அதே பகுதிக்குத் தண்ணி பாஞ்சுக்கிட்டே இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு வந்து விடியற வரைக்கும் ஒரே பகுதி. இது நீரைச் சேமிக்கற கருவி இல்லை, செலவு பண்ற கருவி.

மோட்டாரும் வால்வும் ஒரே கன்ட்ரோலர்ல இருக்கணும். பகுதிக்கு ஒரு சோலனாய்டு வால்வு, அதாவது மின்சாரத்துல திறந்து மூடற வால்வு. கரண்ட் நம்பிக்கையில்லாத இடத்துல 9 வோல்ட் பேட்டரியில ஓடற லாட்சிங் வகை வாங்குங்க, திறக்கவும் மூடவும் ஒரு துடிப்பு போதும். ஃபில்டருக்குப் பின்னாடிதான் மாட்டணும். டயாபிரத்துல ஒரு மணல் பரு சிக்கினா வால்வு மூடாது. அழுத்தம் 0.7 கிலோவுக்குக் கீழ போனாலும் சில வால்வு ஒழுங்கா மூடாது, வாங்கறப்ப கேட்டுக்கோங்க. அடுத்த வால்வு திறந்ததுக்கப்புறம்தான் முந்தின வால்வு மூடற மாதிரி 20, 30 வினாடி ஒண்ணு மேல ஒண்ணு விழணும், இல்லேன்னா எல்லாம் மூடின நேரத்துல மோட்டார் முழு அழுத்தமும் கொடுத்து பி.வி.சி. மூட்டைப் பிடுங்கிடும். தண்ணியில்லாம மோட்டார் ஓடாம நிறுத்தற டிரை ரன் பாதுகாப்பும் கட்டாயம். கரண்ட் போய் வந்தா முதல் பகுதியிலிருந்து ஆரம்பிக்காம விட்ட இடத்திலிருந்து ஓடணும், இந்த ஒரு வசதி இல்லாத கன்ட்ரோலர் நம்ம ஊருக்கு ஆகாது.

#15 – மஞ்சக்காடு_சிவகிரி

ஈரப்பதம் பார்க்கற சென்சார் வெச்சா கணக்கே வேண்டாம்னு சொல்றாங்களே?

#16 – வேளாண்பொறி

கணக்கு வேண்டும், கணக்கு சரியா என்று மண்ணிடம் கேட்பதற்குத்தான் சென்சார்.

பழைய டென்சியோமீட்டரே நல்ல கருவி. பீங்கான் முனையுள்ள குழாய், நீரை நிரப்பி மண்ணில் இறக்குவது. இரண்டு வேண்டும்: 15 செ.மீ. ஆழத்தில் ஒன்று, 35 செ.மீ. ஆழத்தில் ஒன்று, டிரிப்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி. மேலே உள்ளது 25 முதல் 30 சென்டிபார் (மண் நீரை இழுத்துப் பிடிக்கும் விசை, மண் காயக் காய எண் ஏறும்) காட்டும்போது பாசனம். கீழே உள்ளது எப்போதும் 10க்குக் கீழேயே நின்றால் நீர் வேரைத் தாண்டிப் போகிறது, நேரத்தைக் குறையுங்கள். இரண்டாவது கருவி இல்லாமல் முதல் ஒன்றை மட்டும் வைப்பதில் பாதிப் பயன்தான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். 80 தாண்டினால் காற்று புகுந்து முள் சுழியத்துக்கு இறங்கிவிடும். மண் காய்ந்து கிடக்கும்போது கருவி ஈரம் என்று சொல்லும். முள் திடீரென்று இறங்கினால் முதலில் குழாயில் நீர்மட்டத்தைப் பாருங்கள்.

விலை குறைவாக வேண்டுமானால் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரப்பதங்காட்டி இருக்கிறது. இரண்டு கம்பியை மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும். எண் தராது, ஆனால் வயலில் பத்து இடத்தில் குத்திப் பார்க்கலாம். ஏற்றத்தாழ்வுள்ள உங்கள் வயலுக்கு இது பொருத்தம்.

போனில் காட்டும் கெப்பாசிட்டிவ் சென்சார்களில் இரண்டு சிக்கல். மண்ணுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் எண் குப்பை. அதே மண்ணைக் குழைத்துச் சேறாக்கி, அதில் பதிக்க வேண்டும். உப்பு அதிகமான மண்ணில் இருப்பதைவிட ஈரமாகக் காட்டும். நன்றாக நனைத்து 24 மணி நேரம் கழித்து என்ன எண் காட்டுகிறதோ அதுதான் உங்கள் மண்ணின் முழு ஈரம். பெட்டியில் அச்சிட்ட சதவீதத்தை நம்பாதீர்கள்.

#17 – மண்_நீர்_ஆய்வு

உப்பு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இ.சி. 1.6 என்றால் லிட்டருக்குச் சுமார் 1 கிராம் உப்பு. நாளைக்கு 5 மி.மீ. என்பது ஏக்கருக்கு 20,000 லிட்டர். ஆக நாளொன்றுக்கு 20 கிலோ உப்பை நீங்களே வயலில் சேர்க்கிறீர்கள். 100 நாள் பாசனத்துக்கு 2 டன்.

சொட்டுநீரில் இது ஈர வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே நிற்கும். இரண்டு டிரிப்பர் வட்டங்களுக்கு வெளியே வெள்ளைக் கோடு தெரிவது அதுதான். நீண்ட வறட்சிக்குப் பின் 10, 15 மி.மீ. சிறு மழை பெய்தால் அந்த உப்பு நேராக வேருக்கு இறங்கும். மழைக்கு மறுநாள் இலை நுனி கருகுவதற்கு இதுவே காரணம். ஆகவே அந்த முதல் மழையின்போது மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். டிரிப்பர் நீர் உப்பை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை வந்தால் அதுவே கழுவிவிடும். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடத்தில் அறுவடைக்குப் பின் மண்ணின் இ.சி.யைப் பார்க்காமல் அடுத்த பயிர் வைக்காதீர்கள்.

#18 – நீர்க்கணக்கு

இனி பெரிய கேள்வி. சொட்டுநீர் நிலத்தடி நீரைக் காப்பாற்றுகிறதா?

வாய்க்கால் பாசனத்தில் வேரைத் தாண்டிப் போகும் நீரெல்லாம் வீணில்லை. ஒரு பகுதி பாறை இடுக்கு வழியாக உங்கள் கிணற்றுக்கோ பக்கத்துத் தோட்டக் கிணற்றுக்கோ திரும்புகிறது. சொட்டுநீர் அந்தத் திரும்பும் நீரைக் குறைக்கிறது. உண்மையான மிச்சம், வெறும் மண்ணிலிருந்தும் களையிலிருந்தும் ஆவியாகிப் போவதைத் தடுப்பதில்தான். இப்படி மிச்சமான நீரை வைத்து இன்னொரு ஏக்கர் மஞ்சளோ வாழையோ வைத்தால், பயிர் வழியாக வானத்துக்குப் போகும் நீர் முன்பைவிடக் கூடிவிடும். 2018இல் சயின்ஸ் ஆய்விதழில் ஒரு குழு இதைப் பாசனத் திறனின் முரண் என்று விளக்கியது. நீர் அளவீடும் வரம்பும் இல்லாமல் திறனை மட்டும் கூட்டினால் ஆற்றுப்படுகைக்கு நீர் மிஞ்சாது என்பதே அவர்கள் வாதம். மின்சாரமும் இலவசம், போருக்கு மீட்டரும் இல்லை என்ற நம் நிலைமைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

#19 – வேளாண்பொறி

நீர்க்கணக்கு சொல்வது படுகை அளவில் சரி. ஆனால் கொங்குப் பகுதி கடினப்பாறை. 800, 1,000 அடியிலிருந்து ஏற்றி, மேலே விட்டு, அதில் கொஞ்சம் மேல் கிணற்றுக்குத் திரும்புகிறது என்பதற்காக வாய்க்கால் பாசனமே மேல் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்றிய மின்சாரம் திரும்பாது. அந்த நீரோடு கீழே போகும் நைட்ரேட் குடிநீர்க் கிணற்றுக்குத்தான் போகிறது. சொட்டுநீர் உரத்தைக் குறைப்பதும் கிணற்று நீரைக் கெடாமல் வைப்பதும் உறுதியான பலன். பரப்பைக் கூட்டாமல் இருப்பது தனி முடிவு, அதைக் குழாய் எடுக்காது.

#20 – நீர்க்கணக்கு

அதில் எனக்கு மறுப்பில்லை. அதனால்தான் மிச்சத்தைக் காட்ட ஒரே வழியாக நீர்மானியைச் சொல்கிறேன். 2 அங்குல வோல்ட்மன் வகை மீட்டர் ஒன்றை ஃபில்டருக்குப் பின் மாட்டி, மாதம் எத்தனை கன மீட்டர் என்று எழுதுங்கள். ஒரு பகுதியின் மணிக்கணக்கு ஓட்டம் 4,500லிருந்து 3,800க்கு இறங்கினால் அடைப்பு தொடங்கிவிட்டது, இலை மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டாம். 5,200க்கு ஏறினால் எங்கோ லேட்டரல் வெட்டுப்பட்டிருக்கிறது.

#21 – கடைமடை_கவுண்டர்

வெட்டுப்படறது பெரும்பாலும் எலியும் அணிலும். வெயில் காலத்துல தண்ணிக்காகக் கடிக்குது. வரப்போரம் நாலு இடத்துல அகலமான சட்டியில தண்ணி வெச்சா கடி குறையும். ஓட்டையை ஜாயினர் போட்டு ஒட்டுங்க, துணி சுத்தாதீங்க.

புதுசா வாங்கறவங்களுக்கு: இன்லைன் லேட்டரல் மேல ஐ.எஸ். 13488 அச்சு இருக்கான்னு பாருங்க. மானியம் தமிழ்நாட்டுல சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75. 5 ஏக்கருக்குள்ள இருந்தா தாசில்தார்கிட்ட சிறு குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், இதோட தோட்டக்கலை அலுவலகத்துல பதியலாம். ஃபில்டருக்கு ரெண்டு பக்கமும் கேஜ், சப்மெயினுக்கு ஃப்ளஷ் வால்வு, ஏர் வால்வு எல்லாம் வந்திருக்கான்னு ஆய்வுக்கு வர்றப்பவே எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. தண்ணிப் பரிசோதனை அறிக்கையை வடிவமைப்புப் போடறவங்ககிட்ட முதல்லயே குடுங்க.

#22 – மஞ்சக்காடு_சிவகிரி

6 பகுதிக்கும் அமிலம் விட்டு, கழுவி, திரும்ப அளந்தாச்சுங்க. 10 லிட்டருக்கு 6.5 மில்லி ஆச்சு. முதல் தடவை கடைசி டிரிப்பர்ல பி.எச். 5.5தான் வந்துச்சு, இன்னொரு பங்கு விட்டதும் 4. இப்ப 16 டிரிப்பர் சராசரி 186, குறைஞ்ச 4 சராசரி 160. கணக்கு 86. ஃபில்டர் இழப்பு 0.2. ஓட்டற நேரம் பகுதிக்கு ஒன்றரை மணி, தினமும். ரெண்டு லேட்டரல்ல மட்டும் நடுவுல 3, 4 டிரிப்பர் அசையவே இல்லை.

#23 – வேளாண்பொறி

86 நல்ல முன்னேற்றம். அசையாத டிரிப்பர்களில் செந்நிற மாவு இறுகியிருக்கும், அமிலத்துக்குப் போகாது. அந்த நீளத்தை மட்டும் வெட்டி எடுத்து அதே இடைவெளியுள்ள புதுத் துண்டை இரண்டு ஜாயினரால் இணையுங்கள். அதே நீரோட்டமுள்ள டிரிப்பர்தானா என்று பாருங்கள். 4 லிட்டர் துண்டைச் செருகினால் அதற்குப் பின்னால் இருப்பவை காயும்.

இனி மாதம் ஒரு முறை எண்டு கேப் கழுவல். இந்தத் தண்ணீருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிறு அமிலம், 4 வரை போக வேண்டாம், 5 போதும், 24 மணி நேரம் நிறுத்தவும் வேண்டாம். பயிர் முடிந்த பின் ஒரு முறை முழு அமிலம்.

#24 – மஞ்சக்காடு_சிவகிரி

சரிங்க சார். அறுவடைக்கு லேட்டரலைச் சுருட்டறப்ப மடிஞ்சு போகுதே, அதுக்கு?

#25 – கடைமடை_கவுண்டர்

கையால இழுத்து வளையமாச் சுத்தாதீங்க தம்பி. ரெண்டரை அடி விட்டமுள்ள உருளையில சுத்துங்க, பழைய கேபிள் டிரம் போதும். சுருட்டறதுக்கு முன்னாடி எண்டு கேப்பைக் கழட்டி உள்ளே இருக்கற தண்ணியை வடிச்சிடுங்க, இல்லேன்னா கனத்துல நீண்டு டிரிப்பர் இடைவெளி மாறிடும். காலை வெயில் கொஞ்சம் ஏறினப்புறம் சுருட்டினா குழாய் இளகி மடியாது. ஒவ்வொரு சுருளுக்கும் பகுதி எண்ணும் வரிசை எண்ணும் எழுதின சீட்டைக் கட்டி, எலி ஏறாத மாதிரி கம்பியில தொங்கவிடுங்க. வயல்ல ஒரு முழம் துண்டுகூட விடாமப் பொறுக்கிட்டுத்தான் ரோட்டவேட்டர் இறக்கணும். அது நறுக்கிப் போட்டா அந்தப் பிளாஸ்டிக் மண்ணை விட்டுப் போகாது.